எதையும் வீணாக்காதவள்

எங்கள் வீட்டு அலமாரிக்கு மேலே ஒரு சான்றிதழ் மாட்டியிருக்கிறது. பங்கில் நடந்த குடில் போட்டியில் எங்களுக்குக் கிடைத்த இரண்டாம் பரிசு. மஞ்சளேறிய அந்தத் தாளில் அப்பாவின் பெயர் இருக்கிறது. அந்தக் குடிலுக்கு அப்பா செய்தது ஒரே ஒரு வேலைதான், சீரியல் பல்புக்கு வயர் இழுத்துக் கொடுத்தார். மற்றதெல்லாம் அம்மாவின் கை. பரிசு கொடுத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஏதும் கிடையாது. வீட்டுக்கு ஒரு பெயர் எழுத வேண்டும், குடும்பத் தலைவரின் பெயரை எழுதினார்கள். அம்மா வருத்தப்பட்டதாகவும் எனக்கு நினைவில்லை. சட்டம் போட்டு மாட்டியதே அவள்தான். அந்தச் சட்டமும் பழைய காலண்டர் அட்டையில் அவள் செய்ததுதான்.

தூத்துக்குடிப் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் எப்படி வரும் என்பது அங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அம்மாவின் கிறிஸ்துமஸ் ஜூன் மாதமே தொடங்கிவிடும். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. கல்யாணப் பத்திரிகைகள், தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள், டீத்தூள் பொட்டலத்தின் வெள்ளித்தாள், பியூஸ் போன பல்புகள், தையல்காரர் வாசலில் பொறுக்கிய வெட்டுத்துணி, நூல் தீர்ந்த கண்டுகள், எல்லாம் அதற்குள் போகும். முட்டை உடைக்கும்போது அடியில் சின்னதாக ஓட்டை போட்டு உள்ளிருப்பதை ஊற்றிக்கொண்டு, ஓட்டைக் கழுவிக் காயவைத்து அதிலே பத்திரப்படுத்துவாள்.

குடிலின் மலை சிமென்ட் சாக்குத் தாளில் உருவாகும். எங்காவது வீடு கட்டினால் அங்கே சொல்லிவைத்து வாங்கி வருவாள். உதறி, துடைத்து, மைதாப் பசையில் நனைத்து, கசக்கிக் காயவைத்து, காவியும் கரித்தூளும் பூசினால் பாறை தயார். பசையைக் கரப்பான் தின்னாமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும். சிரட்டைகளில் மணல் நிரப்பிக் கேழ்வரகு தூவி, தினமும் நீர் தெளித்துவந்தால் பெருவிழாவுக்குள் பச்சைப்பசேலென்று புல்வெளி வந்துவிடும். நட்சத்திரத்துக்கு மூங்கில் பிளாச்சு. அந்த எலும்புக்கூடு பல வருடம் அதேதான், மேலே ஒட்டும் வண்ணத்தாள் மட்டும் மாறும். மரத்துக்கு ஒரு சவுக்குக் கிளை, அதன்மேல் பனி என்ற பெயரில் கொஞ்சம் பஞ்சு. பனியை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

இவ்வளவையும் அவள் எப்போது செய்தாள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மாவரைத்து, நாங்கள் தூங்கிய பிறகு. இரவு பத்தரைக்கு உட்கார்ந்தால் ஒரு மணி ஆகும். அதே டிசம்பரில்தான் முறுக்கும் அதிரசமும் சுட வேண்டும், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். பத்து இரவு என்று வைத்தாலும் இருபத்தைந்து மணி நேரம். அவளுடைய தகரப் பெட்டியில் ஒரு நூல்கண்டுகூட வீணானதில்லை. வீணானால் பரவாயில்லை என்று அந்த வீடு முழுக்க ஒப்புக்கொண்ட ஒரே பொருள் அவளுடைய நேரம்.

வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றைத்தான் சொன்னார்கள்: “உங்க கை பட்டா குப்பையும் பொன்னாயிரும்.” நம்மில் பலர் நம் அம்மாக்களைப் பற்றி இப்படிச் சொல்லியிருப்போம். இந்தப் பாராட்டைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சிக்கனத்தைப் பெண்ணின் குணம் என்று புகழ்வதில் புகழ்கிறவருக்கு ஒரு பைசா செலவில்லை. எங்கள் வீட்டில் காசே இல்லாமல் இருந்ததில்லை. அப்பாவின் சிகரெட்டுக்குக் காசு இருந்தது. பெட்டி காலியான பிறகு அதன் ஈயத்தாள் அம்மாவிடம் வந்தது. அதில் அவள் சம்மனசுக்குச் சிறகு வெட்டினாள். சிறகின் அழகைப் பார்த்தவர்கள் யாரும், காசு ஒரு பக்கமும் தாள் மறு பக்கமும் போனது ஏன் என்று கேட்கவில்லை. அழகு அந்தக் கேள்வியை மூடிவிட்டது.

ஆக, கேள்வி இதுதான். இல்லாமையிலிருந்து அழகானதைச் செய்கிறவளைக் கொண்டாடும்போது நாம் அவளைக் கொண்டாடுகிறோமா, அந்த இல்லாமையைக் கொண்டாடுகிறோமா?

பெண்ணியக் கலைஞர்கள் இதன் ஒரு பாதிக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஹெரசீஸ் என்ற பெண்ணிய இதழில் மிரியம் ஷாபிரோவும் மெலிசா மேயரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். துண்டுகளை ஒட்டிச் செய்யும் கொலாஜ் கலையைப் பிக்காசோவும் பிராக்கும் 1912 வாக்கில் உண்டாக்கினார்கள் என்று கலை வரலாறு சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே பெண்கள் துணியையும் தாளையும் படங்களையும் சேர்த்துவைத்து, வெட்டி, தைத்து, ஒட்டி வந்திருக்கிறார்கள் என்று இவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதற்கு ‘ஃபெமாஜ்’ என்று பெயரும் வைத்தார்கள். பெயர் வைத்தது சின்ன விஷயமல்ல. பெயர் இல்லாத வேலைக்கு வரலாறும் இருப்பதில்லை. 1974இல் ஆலிஸ் வாக்கர் தன் கட்டுரை ஒன்றில், வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் தொங்கிய ஓர் ஒட்டுத்துணிப் போர்வையைப் பற்றி எழுதுகிறார். அதைச் செய்தவர் அலபாமாவைச் சேர்ந்த, பெயர் தெரியாத ஒரு கறுப்பினப் பெண் என்கிறது அந்தக் கட்டுரை. போர்வை அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டது, பெயர் போகவில்லை.

நம் நாட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம் உண்டு. சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1950களின் பிற்பகுதியில் தொடங்கி, உடைந்த ஓடுகள், பீங்கான், கண்ணாடி வளையல் துண்டுகளைச் சேர்த்து அரசு நிலத்தில் ரகசியமாக ஒரு சிற்பத் தோட்டம் அமைத்தார். விஷயம் வெளியே தெரிந்தபோது அது இடிபடாமல் தப்பியது. 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த வேலையைத் தொடர அவருக்குச் சம்பளமும் உதவிக்குத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ விருது. அவருடைய கலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, அவருக்குக் கிடைத்தது அத்தனையும் நியாயம். ஆனால் ஒரு ஆணின் உடைந்த வளையல் பொதுவெளியில் நிலைத்து நிற்கிறது. அம்மாவின் மாத்திரை அட்டையோ ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் அவள் கையாலேயே பிரிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போகிறது. கழிவில் செய்வது இரண்டுமே. வீட்டுக்குள் செய்தால் குணம், வெளியே செய்தால் கலை.

வீட்டுக்குள் செய்வதற்கு நேரக் கணக்கும் கிடையாது. இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்காகச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். இந்த 299க்குப் பிறகுதான் அம்மாவின் பத்தரை மணி தொடங்கியது.

இப்படியெல்லாம் எழுதிவிட்டு, அதே சூட்டோடு ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன், “ஏம்மா இவ்வளவு பாடுபட்ட?” அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். “அது பாடு இல்லட்டி. சோறு பொங்குறது உங்களுக்கு, துணி துவைக்கிறது உங்களுக்கு. வருசத்துல அந்தப் பத்து ராத்திரிதான் எனக்கு.”

இந்தப் பதில் என் வாதத்தைக் கலைத்தது. கலையட்டும். உழைப்புச் சுரண்டல் என்று நான் பெயர் வைத்திருந்ததற்குள் அவளுக்கு மட்டும் சொந்தமான ஒரு அறை இருந்திருக்கிறது. என்ன வண்ணம், எவ்வளவு உயரம், சம்மனசு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை யாரையும் கேட்காமல் அவள் முடிவு செய்தாள். இதை மறுத்தால் நானும் அவள் பெயரை அழிக்கிறவளாகிவிடுவேன். ஆனால் ஒருத்தியின் சுதந்திரத்துக்கு மிஞ்சியது தூக்கத்திலிருந்து திருடிய பத்து இரவுகள்தான் என்றால், அந்த மகிழ்ச்சி உண்மை என்பதாலேயே அந்த ஏற்பாடு நியாயமாகிவிடாது. இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்று இந்தக் கேள்வி வேறு வேடத்தில் வருகிறது. சுற்றுச்சூழலைக் காக்கக் கழிவில் அலங்காரம் செய்யுங்கள் என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் யார் செய்வது? பள்ளியில் ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’ போட்டி என்றால் பிள்ளை தூங்கிய பிறகு அம்மா உட்கார்கிறாள். வீட்டில் கழிவு போதவில்லை என்று கடையில் புதிய ஐஸ் குச்சிக் கட்டு வாங்கிவந்து ஒட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருத்தி. பூமியைக் காக்கும் கடமையும் கடைசியில் அடுக்களைக்கே வந்து சேர்கிறது.

இன்னொன்றை நான் மிகத் தாமதமாகத்தான் கவனித்தேன். ஒரு வருடம் அட்டைப்பெட்டிகளை வெட்டி, பளபளப்புத் தூள் தூவி, தெர்மகோலில் பசை போட்டு ஒட்டிப் பெரிய நட்சத்திரங்கள் செய்தேன். ஜனவரியில் குப்பை வாங்க வந்த அக்காவிடம் பெருமையாகக் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இத பழைய இரும்புக் கடைல எடுக்க மாட்டாங்கம்மா, வெறும் அட்டையா இருந்திருந்தா எடுப்பாங்க” என்றார். பசையும் மினுக்கும் சேர்ந்த அட்டையைப் பிரிக்கவும் முடியாது, மறுபடி காகிதமாக்கவும் முடியாது. கழிவைக் காப்பாற்றியதாக நான் நினைத்தேன். உண்மையில் இன்னொரு பெண் எடைக்குப் போட்டுக் காசாக்கியிருக்கக்கூடிய பொருளை வெறும் குப்பையாக்கியிருந்தேன். ஊரின் மிச்சத்தை அன்றாடம் வெறுங்கையால் தரம் பிரிக்கிறவர்களைப் பார்த்து யாரும் கை பட்டால் பொன்னாகும் என்று சொல்வதில்லை. அம்மா நூலால் கட்டினாள், மைதாப் பசையால் ஒட்டினாள். அவள் செய்தது எல்லாமே மறுபடி பிரியும். எதைச் சேர்த்துவைப்பது என்பதோடு, யாருக்கு எதை விட்டுவைப்பது என்பதும் இந்தக் கைவேலையின் அறத்துக்குள் வரும்.

குடில் சொல்லும் கதையை இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். லூக்கா நற்செய்தியின்படி, விடுதியில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. நிறைமாதத்தில் வந்த ஒருத்தி பிள்ளையைப் பெற்று, துணியில் சுற்றி, மாட்டுத் தீவனத் தொட்டியில் கிடத்துகிறாள். சுற்றியவளும் கிடத்தியவளும் மரியாதான். கையில் அகப்பட்டதைத் தொட்டிலாக்கியது ஒரு பெண்ணின் சமாளிப்பு. 1223இல் கிரேச்சியோவில் பிரான்சிஸ் வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து அந்தக் காட்சியை அமைத்த காலத்திலிருந்து நாம் தொட்டியை அலங்கரித்துவருகிறோம். இடம் மறுத்த கதவை யாரும் குடிலில் வைப்பதில்லை. அவளுடைய சமாளிப்பை வணங்க வேண்டியதுதான். அதற்காக அந்தக் கதவை மறந்துவிடக்கூடாது.

அதனால் கழிவில் அலங்காரம் செய்யாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. செய்யுங்கள். ஆனால் பாத்திரம் கழுவிய பிறகு செய்யாதீர்கள், பாத்திரத்தை வேறு யாராவது கழுவட்டும். பணமில்லாததால் செய்கிறோமா, பிடித்ததால் செய்கிறோமா, பணத்தை வேறொருவர் தீர்மானிப்பதால் செய்கிறோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றும் வேறு வேறு.

போன டிசம்பரில் எங்கள் வீட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடில் வேலை நடந்தது. அண்ணன் மூங்கில் பிளாச்சு சீவினான், அவன் மகன் பசை காய்ச்சினான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வேலை சொன்னாள். இரவு அடுக்களைக்கு அண்ணன் போனான், நன்றாகவே கழுவினான். முடிந்ததும் மருமகன் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அம்மாவின் பெயரை எழுதிக் குடிலின் முன்னால் வைத்தான். “இதெல்லாம் எதுக்குல?” என்றாள் அம்மா. பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். எழுத்து கோணலாக இருக்கிறது, திருப்பி எழுது என்றாள்.