யாருடைய நேரத்தில் வாசிக்கிறேன்?

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதேன்டா என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு இரண்டு பேர். இருவரும் பத்திரமாக வேலையில் இருக்கிறார்கள், அது வேறு கதை. ஆனால் கேள்வி நியாயமானது. பிழைப்புக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று வாழ்க்கை பிரிந்துகிடக்கும்போது நாளின் நல்ல எட்டு மணி நேரத்தைப் பிழைப்புக்குக் கொடுப்பது சரியா?

எங்கள் பக்கத்திலேயே இதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்தவர் புதுமைப்பித்தன். (திருநெல்வேலிக்காரர்கள் கோபிக்க வேண்டாம், பிறப்பு மட்டும்தான் எங்களுடையது.) பத்திரிகைச் சம்பளத்தில் காலம் தள்ளி, ஏறத்தாழ நூறு கதைகள் எழுதி, சினிமா வேலைக்காகப் புனே வரை போய், காசநோயோடு திரும்பி, 1948-இல் 42 வயதில் இறந்தார். ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி, சிதம்பரத்தில் மௌனி. கணிதப் பட்டதாரி. குடும்பச் சொத்தையும் தொழிலையும் பார்த்துக்கொண்டு 1985 வரை வாழ்ந்தார். எழுதியது 24 கதைகள். அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று சொன்னவர் புதுமைப்பித்தன்தான்.

முன்னவரின் வறுமையையும் பின்னவரின் நிதானத்தையும் நாம் ஒரே பக்தியோடு பேசுகிறோம். எனக்கு அது உறுத்தும். வறுமை அந்தக் கதைகளை எழுதவில்லை, 42 வயதில் நிறுத்தத்தான் செய்தது. மௌனியின் நிதானம் அவர் சுபாவம், சரி. ஆனா வருஷக்கணக்கில் எழுதாமல் இருந்தாலும் அடுப்பு எரியும் என்ற நிலை சுபாவத்தில் வராது, சொத்தில்தான் வரும். சொத்து என்றால் அதில் உழைக்கிறவர்கள் யாரோ இருப்பார்கள்.

சம்பளம்தான் என் சொத்து. காசுக்காக எழுத வேண்டியதில்லை, பிடிக்காததை மறுக்கலாம், ஒரு நாவலை ஆறு மாதம் வாசிக்கலாம். எங்கள் தொழிலில் வேலையின் கனத்தை ‘ஸ்டோரி பாயிண்ட்’ என்று அளப்போம். மௌனி கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அப்படியானால் என் சொத்தில் உழைப்பது யார்? நான் பராமரிக்கும் மென்பொருள், ஒரு கிடங்கில் பொட்டலம் எடுக்கிறவருக்கு ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எத்தனை வினாடி ஆகிறது என்று கணக்கெடுக்கிறது. என் மாலைநேர வாசிப்புக்கு அந்த வினாடிகள்தான் விதைநெல். அவருக்கும் கதை படிக்கப் பிடிக்குமோ என்னவோ. பத்து மணி நேரம் நின்ற காலோடு வீட்டுக்குப் போய் எதைப் படிப்பார்?

இதை யோசித்த பிறகு வேலையை விடுவதா என்ற கேள்வி எனக்குக் கொஞ்சம் சின்னதாகிவிட்டது. நான் விட்டால் இன்னொருவர் வந்து அதே கணக்கை எடுப்பார், என் கை சுத்தமாகும், அவ்வளவுதான். இருந்தால் ஏதாவது கேட்கலாம். (இது எனக்குச் சௌகரியமான பதில் என்பது தெரியாமல் இல்லை.)

பாத்ரூம் போகும் நேரத்தை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடணும் என்று ஒரு டிக்கெட் போட்டிருக்கிறேன். “அடுத்த ஸ்பிரிண்ட்ல பாத்துக்கலாம் பாஸ்” என்றார் மேனேஜர். மூன்று ஸ்பிரிண்ட் முடிந்துவிட்டது. இந்தத் திங்கட்கிழமை மீட்டிங்கில் மறுபடியும் கேட்கப்போகிறேன்.