களிமண்ணும் கிளையும்

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளை நாம் அறிவோம். நீர்த்த களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் படிந்து உருவமாகிறது. மிஞ்சிய குழம்பை வடித்துவிட்டு, உருவத்தை உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். ஓர் அச்சிலிருந்து ஒரே முகமுடைய பொம்மைகள் பல பிறக்கின்றன. மண் மறுப்பு ஏதும் சொல்வதில்லை.

பீங்கான் தொட்டியில் வளரும் போன்சாய் மரமோ வேறு வகை. சீனத்தில் தோன்றி ஜப்பானில் செழித்த இக்கலையைக் கண்டு, 'இது மரத்துக்கு இழைக்கும் கொடுமையன்றோ?' என வினவுவோர் உளர். ஆனால் அது குள்ளச் சாதி மரமன்று. அதன் விதையை நிலத்தில் ஊன்றினால் ஓங்கி வளரும். அதன் கிளைகள் நுணுக்கமாவதும் கத்தரியால் மட்டுமன்று. நுனிமொட்டிலிருந்து இறங்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் பக்கமொட்டுகளை அடக்கி வைக்கிறது என்பதை 1930களில் திமான், ஸ்கூக் என்னும் அறிஞர்கள் காட்டினர். நுனியைக் கிள்ளினால் உறங்கியவை விழிக்கின்றன. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. ஒவ்வொரு கவரும் முந்தியதைவிட மெலிந்து, பல்லாண்டுகளில் பெருமரத்தின் சாயல் கிட்டுகிறது. வெட்டுபவர் தோட்டக்காரர், கிளைப்பது மரம்.

ஆகவே, வெட்டியபின் காத்திருத்தலே இக்கலையில் பெரும்பகுதி. புதுத்தளிர் முதிர்ந்து, மரம் வலுப்பெற்ற பின்னரே மறுபடி கத்தரி எடுக்கலாம். நலிந்த மரத்தை வெட்டலாகாது. பைன் மரக்கிளையில் பச்சை ஊசியிலை ஒன்றும் விடாமல் வெட்டினால் அக்கிளை பெரும்பாலும் பட்டுப்போகும்.

பிள்ளை வளர்ப்பில் நாம் எவ்வழியைப் பின்பற்றுகிறோம்? 'குழந்தை களிமண் போன்றது' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டை நிறுத்துகிறோம். ஓவியத் தாளைப் பிடுங்குகிறோம். ஞாயிறு பாடற்குழுவுக்கும் போகவேண்டாம் என்கிறோம். ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் உண்டு. ஆனால் பச்சை இலை ஒன்றேனும் விட்டோமா? வெட்டிய இடத்தில் எது துளிர்க்கிறது என்று நின்று பார்த்தோமா? அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை அச்சாக வைத்து, அதில் நம் பிள்ளையை வார்த்தெடுக்க முயல்கிறோம்.

வெட்டவே கூடாது என்பதும் விடையன்று. தடையின்றி ஓடும் ஒரே ஆசை மற்றத் திறன்களை உறங்கவைக்கும். விவிலியத்தில் எரேமியா 18-ஆம் அதிகாரத்தில் குயவர் வருகிறார்; யோவான் 15-ஆம் அதிகாரத்தில் திராட்சை வளர்ப்பவர் வருகிறார். கிளை கழித்தலைக் குறிக்க யோவான் கையாளும் கிரேக்கச் சொல்லுக்குத் தூய்மையாக்குதல் என்ற பொருளும் உண்டு. அங்கே கழிப்பது கிளை கனி தருவதற்காக. போன்சாயிலோ பார்ப்பவர் கண்ணுக்காக. இங்கேதான் உவமை நிற்கவேண்டும். பிள்ளைகள் நம் கூடத்தை அழகுசெய்யப் பிறந்தவர்கள் அல்லர். கத்தரி எடுக்குமுன் கேட்கவேண்டிய வினா ஒன்றே: இவ்வெட்டு யாருக்காக?

ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தார் தலைமுறைகளாகப் பேணிய வெண்பைன் போன்சாய், 1625 முதல் பயிற்றப்பட்டது. 1945இல் அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில், மதிலின் மறைவில் அது பிழைத்தது. 1976இல் மசாரு யமாகி அதை அமெரிக்க மக்களுக்கே கொடையளித்தார். குண்டுக்குத் தப்பிய மரம் அது என்பது, 2001இல் அவருடைய பேரர்கள் வாஷிங்டனில் அதைக் காண வந்தபோதுதான் அங்கே தெரியவந்தது. நூற்றாண்டுகளாகக் கத்தரி பிடித்த கைகள் எவையும் அம்மரத்தின் நிறைவைக் கண்டதில்லை. இறுதியில் ஒரு கை அதைப் பிறருக்கு ஈந்தது. நம் வீட்டு இளங்கிளைகளும் ஒருநாள் நாம் காணாத முற்றத்துக்குப் போகவேண்டியவையே.