ஆக்கியவரும் ஆக்கமும்

புதிய திரைப்படமோ நாவலோ வெளிவந்தால், அதை ஆக்கியவர் நம்பிக்கையுள்ளவர்தாமா என்றே முதலில் வினவுகிறோம். விடை கிடைத்தவுடன் தீர்ப்பும் ஆயத்தமாகிவிடுகிறது. பிறகு படைப்பைப் பார்க்க வேண்டிய தேவையே நமக்கு எழுவதில்லை.

இத்தாலிய இயக்குநர் பசோலினி ஒரு மார்க்சியவாதி, இறைநம்பிக்கை அற்றவர். 'லா ரிகோட்டா' என்னும் குறும்படத்தில் சமயத்தை இழிவுபடுத்தினார் என்று 1963இல் நீதிமன்றத் தண்டனையும் பெற்றவர். அவரே மறு ஆண்டில் மத்தேயு நற்செய்தியைப் படமாக்கி, மறைந்த திருத்தந்தை 23ஆம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். உரையாடல்களை நற்செய்தியின் வாசகங்களிலிருந்தே எடுத்துக்கொண்டார். இயேசுவாக வந்தவர் நடிகரல்லர். ஸ்பெயின் நாட்டு மாணவர். எருசலேமாகக் காட்டப்பட்டது தென் இத்தாலியின் வறிய மலைநகரான மாத்தேரா.

சிலுவையடியில் கதறும் முதிய மரியாவாகத் தம் சொந்தத் தாயையே நிறுத்தினார் பசோலினி. அந்த அன்னை தம் இளைய மகனை 1945இல், போர்க்காலத்தில், கொலைக்குப் பறிகொடுத்தவர். அவ்வழுகையில் நடிப்பு எவ்வளவு, நினைவு எவ்வளவு என்று நம்மால் பிரித்தறிய இயலவில்லை. நம் கோவில்களின் வியாகுல மாதா சுரூபங்கள் பலவும் இத்துணை அழுததில்லை!

அப்படியானால் எதையும் ஏற்கலாமா? அவருடைய கடைசிப் படமான 'சலோ'வை (1975) எந்த இல்லத்திற்கும் நாம் பரிந்துரைக்க மாட்டோம். ஆனால் அது அப்படத்தின்மீது நாம் கூறும் தீர்ப்பு. நற்செய்திப் படத்திற்கோ, 1964இல் வெனிஸ் விழாவிலேயே கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு பரிசளித்தது. வத்திக்கான் 1995இல் வெளியிட்ட சிறந்த 45 படங்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. அவர்கள் முதலில் படத்தைப் பார்த்தார்கள்.