புள்ளி போடாத வாசிப்பு

சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு முடியும்வரை பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பெற்றோரோடு பேச்சுக் கொடுத்தால், ஒரே கவலை திரும்பத் திரும்ப வரும். "நாலாம் வகுப்பிலை புத்தகமும் கையுமாத் திரிஞ்ச பிள்ளை. ஒன்பதுக்குப் போனாப் பிறகு ஒண்டையும் தொடுறாளில்லை." ஒருவர் ஃபோனில் பழி போடுவார், இன்னொருவர் கூட்டாளிமாரில். அவை காரணமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கையில் ஃபோன் இல்லாத காலத்திலும் பிள்ளைகள் வாசிப்பை விட்டிருக்கிறார்கள். நானும் ஒரு காலம் விட்டேன், பிறகு ரொறன்ரோவில் உள்ள அஜின்கோர்ட்டில் அதற்குத் திரும்பி வந்தேன்.

நான் பிறந்தது 1981இல். யாழ்ப்பாணப் பொது நூலகம் தொண்ணூற்றேழாயிரம் வரையான நூல்களோடு எரிக்கப்பட்ட ஆண்டு அது. வீட்டில் பெரியவர்கள் அதைச் செத்த வீட்டுக் கதைபோலப் பேசுவார்கள். எங்களுக்கு எஞ்சியிருந்தது ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலை. பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் வராமல்போன தொண்ணூறுகளில், 'உதயன்' பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்ததைப் பார்த்திருக்கிறேன். மின்சாரமும் இல்லை. 'பொன்னியின் செல்வ'னை நான் ஒழுங்கு மாறித்தான் வாசித்தேன். மூன்றாம் பாகம் வேறு யார் வீட்டிலோ இருந்தது, அது வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. விளங்காததை நானே இட்டுக்கட்டி நிரப்பிக்கொண்டேன். யாரும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்து எழுத்து வேறு. பழைய குடையின் சுயசரிதை, நான் விரும்பும் பெரியார், எமது கிராமம். ரியூசனில் தந்த கட்டுரையைப் பாடமாக்கிக்கொண்டு போய்ச் சோதினையில் அப்படியே இறக்கிவைத்தோம். நல்ல புள்ளி வந்தது. அந்தக் கட்டுரைகளில் நான் எங்கும் இல்லை என்பதோ, அவற்றைத் திருத்தியவர் அறிய விரும்பிய எதுவும் அவற்றில் இல்லை என்பதோ அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. எழுத்து என்றால் அதுதான் என்று இருந்தேன்.

1996இல் அஜின்கோர்ட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்பில் இருத்தினார்கள். ஒரு சிறுவன் மிருகக்காட்சிச்சாலைக்குப் போய் வரும் கதையொன்று தந்தார்கள். பக்கத்துக்கு இரண்டு வரி. சோழ அரண்மனைச் சதியைப் பாகம் பாகமாகத் துரத்திப் போன மனத்துக்கு அது. கஷ்டமாக இருந்ததால் நான் வாசிப்பை விட்டேன் என்று பலரும் நினைத்தார்கள். உண்மை அதுவல்ல. என்னால் வாசிக்கக்கூடிய புத்தகத்தில் எனக்கு வேண்டிய எதுவும் இல்லை. எனக்கு வேண்டியது இருந்த புத்தகத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. தமிழ்ப் புத்தகத்தைத் தொட்டால், "இனி அது எதுக்கு, இங்கிலிஷைப் பாரன்" என்றார்கள் வீட்டில். இப்படி இரண்டு மொழியிலும் வாய் மூடிப்போன பிள்ளைகளை ஸ்காபரோ வகுப்பறைகளில் நிறையக் கண்டிருக்கிறேன். அகதிப் பிள்ளையின் இந்த மௌனத்தை மந்தம் என்று எழுதிவைப்பது பெரிய அநியாயம். சிரியாவிலிருந்தோ ஆப்கானிஸ்தானிலிருந்தோ இன்று வந்து இறங்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

இரண்டு விஷயங்கள் என்னை மீட்டன. ஒன்று, போனிஸ் அவெனியூவில் உள்ள அஜின்கோர்ட் நூலகம். அங்கே 'டின்டின்' சித்திரக்கதைகள் கிடைத்தன. சொல் குறைவு, ஆனால் கதை சின்னப்பிள்ளைக் கதையல்ல: கடத்தல், சதி, ஆட்சிக் கவிழ்ப்பு. விளங்காத சொல்லைப் படம் சொல்லித் தந்தது. அதிலிருந்து அகதா கிறிஸ்டிக்குப் போனேன். கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் அவசரத்தில், ஆங்கிலத்தில் வாசிக்கிறேன் என்பதே மறந்துபோனது.

மற்றது ஒரு ரீச்சர். தினமும் ஒரு பக்கம், எதைப் பற்றியாவது, கொப்பியில் எழுதச் சொன்னார். ஒருநாள் ஜாம் போத்தல் விளக்கில் படித்ததைப் பற்றி எழுதினேன். பிழை மலிந்த பக்கம். அவர் சிவப்பு மையால் எதையும் வெட்டவில்லை. அடியில் ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தார்: அந்த விளக்கு எப்படி எரியும், எண்ணெய் எங்கே இருக்கும்? அவருக்கு உண்மையிலேயே தெரியாது. போத்தலின் அடியில் பஞ்சு வைப்பது, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுவது, திரியைச் சின்னதாக வைத்து எண்ணெயை மிச்சம் பிடிப்பது என்று எல்லாவற்றையும் விளக்க எனக்குச் சொற்கள் தேவைப்பட்டன. அகராதியை நானாகத் தேடி எடுத்தது அன்றைக்குத்தான். பதில் இரண்டு பக்கத்தைத் தாண்டிப் போனது.

என் மகளின் கதை நேர்மாறு. இங்கே பிறந்தவள். பள்ளிக்கூடம் போகமுதலே வாசித்தாள். பிறகு, வீட்டில் தினமும் இருபது நிமிடம் வாசித்ததற்குப் பெற்றோர் கையெழுத்து வைக்கும் தாள் வந்தது. அந்தத் தாள் வந்தபின் அவள் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து வாசித்தாள். ஏழாம் எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பந்திக்கும் ஒரு சட்டகம்: கருத்து, சான்று, விளக்கம். பத்தாம் வகுப்பில், ஒன்ராறியோ மாணவர்கள் பட்டயம் பெறுவதற்காக எழுதும் எழுத்தறிவுச் சோதினை. 400க்கு 300 எடுத்தால் தேறலாம். தேறினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். "அவைக்கு என்ன வேணுமோ அதைத்தான் எழுதினனான், அம்மா" என்றாள். பழைய குடையின் சுயசரிதை வேறு உருவில் வந்து நின்றது.

அந்தச் சோதினையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வாசிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறக்கூடாது. ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2022 பெப்ரவரியில் வெளியிட்ட வாசிக்கும் உரிமை பற்றிய அறிக்கை, படத்தைப் பார்த்தும் இடத்தை வைத்தும் சொல்லை ஊகிக்கச் செய்யும் கற்பித்தலைக் கைவிட்டு, எழுத்தையும் ஒலியையும் முறையாகச் சொல்லித்தரும்படி கேட்டது. 157 பரிந்துரைகள். அடுத்த ஆண்டே மொழிப் பாடத்திட்டம் மாறியது. அது பெரிய காரியம்; வாசிப்புக் குறைபாடுள்ள எத்தனையோ பிள்ளைகளுக்கு அது நியாயம். ஆனால் வாசிக்கத் தெரிவதும் வாசிக்க விரும்புவதும் ஒன்றல்ல. முதலாவதைப் பள்ளிக்கூடம் தரவேண்டும், தராவிட்டால் சண்டை பிடிக்கவேண்டும். இரண்டாவதைப் புள்ளி போட்டு வளர்க்க முடியாது.

மகள் இரவில் வாட்பேடில் தொடர்கதை எழுதுகிறாள். அந்தத் தளமும் இதே ரொறன்ரோவில் 2006இல் தொடங்கியதுதான். பள்ளிக்கூடக் கட்டுரை என்றால் முதல் வரிக்கே மூச்சு வாங்குபவள், முகம் தெரியாத யாரோ ஒருவர் "அடுத்த அத்தியாயம் எப்போது?" என்று கேட்டதற்காக ஒரு அத்தியாயத்தை முழுதாகத் திருப்பி எழுதினாள். அந்தக் கதை இலக்கியமா இல்லையா என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவளுடைய எழுத்துக்காக ஒருவர் காத்திருக்கிறார். எனக்கு அந்த ரீச்சர் காத்திருந்ததுபோல.

முப்பது பிள்ளைகளுக்குத் தவணை அறிக்கை எழுதவேண்டிய ஆசிரியர் எல்லோருக்கும் இப்படி வாசகராக இருப்பது கடினம். அந்த இடத்தை வீடுதான் நிரப்பவேண்டும். ஆனால் எங்கள் வீடுகள் பள்ளிக்கூடத்தின் மாலை நேரக் கிளைகளாகிவிட்டன. எங்கள் பிளாசாக்களில் ரியூசன் பலகைக்குக் குறைவில்லை. தமிழைக்கூட மனனப் போட்டியாக்கி, பெரியவர்கள் எழுதிக் கொடுத்த பேச்சைப் பிள்ளைகளை ஒப்புவிக்க வைக்கிறோம். அந்தப் பேச்சுக்குப் பதிலாக, அன்று பேருந்தில் கண்டதைப் பற்றிப் பிழையான தமிழில் பிள்ளை எழுதும் அரைப் பக்கம் எனக்குப் பெரிது.

ரொறன்ரோப் பொது நூலகம் தாமதக் கட்டணத்தை 2022இல் நீக்கிவிட்டது. அட்டையும் இலவசம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். சித்திரக்கதை எடுத்தால் எடுக்கட்டும், பாதியில் மூடிவைத்தால் வைக்கட்டும். "இதிலை என்ன படிச்சனீ?" என்று விசாரிக்காதீர்கள். என்றாவது எழுதியதைக் கொண்டுவந்து காட்டினால், எழுத்துப்பிழையைப் பார்க்கமுதல், உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றை அதிலிருந்து கேளுங்கள்.