அதிதிக்கு எளிய அமுது



இல்லறத்தாராகிய நமக்கு உரைக்கப்பெற்ற பன்னிரு விரதங்களுள் இறுதியாக நிற்பது அதிதி சம்விபாகம். திதி குறித்து வாராதவர் அதிதி. உத்தம பாத்திரமாகிய முனிவர்க்கு ஆகார தானம் அளித்தலே இவ்விரதத்தின் முதற்பொருள். எனினும் விரதம் பூண்ட சிராவகரை மத்திம பாத்திரம் என்று ஆன்றோர் வகுத்தனர். ஆகவே நம் இல்லம் தேடி வரும் அறச்சுற்றத்தாரை உண்பித்தலும் இவ்வறத்தின் எல்லைக்குள்ளேயே அமைகின்றது.

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றார். அவற்றுள் இரண்டு இக்காலத்து நம் அடுக்களைகளிலேயே குடிகொண்டுள்ளன. ஒன்று மாற்சரியம், பிறர் இட்டதனினும் மிகுதியாக இடவேண்டும் என்னும் போட்டியும் அதனுள் அடங்கும். மற்றொன்று காலாதிக்கிரமம், உண்ணுதற்குரிய வேளை கடந்துபோகச் செய்தல். முன்னது பின்னதை ஈன்றெடுக்கின்றது.

பணியின் பொருட்டு அறந்தாங்கியில் வாழும் நம் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். (ஊரின் பெயரைச் சொல்லும்போதே அறம் நாவில் வந்துவிடுகின்றது!) வந்தவாசியிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ வந்த உறவினர், புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளையும் அறிவர் கோயிலின் ஓவியத் தாமரைத் தடாகத்தையும் கண்டு, பிற்பகல் நான்கு மணிக்கு இவர்கள் வாயிலில் வந்து நிற்கின்றனர். ஆனித் திங்களில் கதிரவன் ஆறரை மணிக்குப் பின்னரே மறைவான். கார்த்திகையிலோ ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடுவான். அதற்கும் இரண்டு நாழிகை, அஃதாவது 48 நிமிடம், முன்னதாக உண்டு முடிப்பதே நெறி. எஞ்சியிருப்பது ஒரு மணி நேரமே. அவ்வேளையில் வடை, பாயசம், மூவகைக் கறி என்று தொடங்கினால் நிகழ்வது யாது? விருந்தினர் இரவில் உண்கின்றனர். அல்லது உண்ணாமல் துயில்கின்றனர். பரிமாறி நின்ற இல்லத்தரசியோ விரதம் காக்கப் பட்டினி கிடக்கின்றார். இதனை விருந்தோம்பல் என்று கூற நமக்கு நா எழவில்லை.

ஆதிநாதர் வரலாற்றை நினைவு கூர்வோம். துறவு பூண்டு ஆறு திங்கள் யோகத்தில் நின்ற பெருமான், பின்னர் ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் எழுந்தருளினார். மக்கள் யானை கொணர்ந்தனர், குதிரை கொணர்ந்தனர், மணியும் பொன்னும் கொணர்ந்தனர். அன்பிற்குக் குறைவில்லை, ஆனால் அவருக்கு ஏற்பது எதுவென்று ஒருவரும் அறிந்திலர். மேலும் பல திங்கள் அவ்வாறே கழிந்தன. இறுதியில் அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் முற்பிறவி நினைவுற்று முறையறிந்து அளித்தது கன்னல் சாறு ஒன்றே. அட்சய திருதியையாக நாம் போற்றுவது அந்நாளையே.

எனவே ஒரு மணி நேரத்திற்குள் இயல்வனவற்றைக் கூறுவோம். வெண்பொங்கல் நமக்கு வாய்த்த நல்லுணவு. ஒரு பங்கு பச்சரிசி, அரைப் பங்கு பயற்றம்பருப்பு, ஐந்து பங்கு வடிகட்டிய நீர்; நெய்யில் பொரித்த மிளகு, சீரகம், கறிவேப்பிலை. இஞ்சி பசுங்கிழங்காதலின் விலக்கி, சுக்குப்பொடி ஒரு சிட்டிகை சேர்க்கலாம். கத்தரிக்காயை விலக்குவோர் கொத்சுக்கு மாறாகத் தேங்காய்த் துவையல் அரைக்கலாம். பொங்கல் வேகும் நேரத்திற்குள் துவையலும் முடிந்துவிடும். வடித்த சோறு இருப்பின் எலுமிச்சைச் சோறும், மிளகுப்பொடி தூவிய வாழைக்காய் வறுவலும் போதும். அடுப்பே மூட்டாது ஆவதும் உண்டு: நனைத்த அவலில் வெல்லமும் தேங்காய்த் துருவலும், உடன் ஏலமும் சுக்கும் இட்ட பானகம். தேன் நமக்கு ஆகாது, வெல்லமே சாலும்.

தயிர்வடை எளிதென்று சிலர் கருதுவர். பருப்போடு தயிர் கலத்தல் துவிதளம் என்று விலக்குவோர் விருந்தினருள் இருக்கக்கூடும். வந்தவுடன் வினவி அறிதல் நன்று. அரைத்த மாவிற்கும் பொடிக்கும் மழைக்காலத்தில் மூன்று நாள், கோடையில் ஐந்து, குளிர்காலத்தில் ஏழு என நம் மரபு எல்லை வகுத்துள்ளது. ஆதலின் அரிசி, பருப்பு, அவல், மிளகு ஆகியவற்றை ஆய்ந்து முழுதாகவே சேமித்து வைத்தல் வேண்டும்.

வீட்டிலுள்ள ஆடவர்க்கும் ஒரு சொல். நீர் வடிகட்டுதலும் தேங்காய் துருவுதலும் இலை இடுதலும் உங்களால் ஆகும். ஐந்து மணிக்கு அனைவரும் ஒரே பந்தியில் அமரலாம். சமைத்தவருக்கும் அப்பந்தியிலேயே ஓர் இலை இடுக.