கரையோரத்து மேசை

ஃபோர்ட் கொச்சிக் கரையில், சீன வலைகளைப் பார்த்தபடி மீன் சாப்பிடுகிறவர்களைக் கேலி செய்வது எளிது. பனிக்கட்டிமேல் கிடக்கும் சிங்கி இறாலின் விலையைக் கேட்டதுமே உடன் வந்த நண்பர், "எல்லாம் டூரிஸ்டுகளுக்காகப் பண்றது" என்றார்.

பொய்யில்லை. ஒரு வலையை இறக்கி ஏற்ற நாலைந்து ஆட்களும், எதிர்ப்பாரமாகக் கயிறுகளில் தொங்கும் கற்களும் வேண்டும். ஏறிவருவதோ பெரும்பாலும் ஒரு கை பொடிமீன், மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை. கயிற்றை இழுத்துப் பார்க்க ஆசைப்படும் பயணிகள் தரும் காசுதான் சில நாள் மீனைவிடக் கூடுதல். தட்டுக்கு வரும் வஞ்சிரம் ஆழ்கடலில் பிடிபட்டு, துறைமுகத்தில் ஏலம் போய், வண்டியேறி வந்தது. ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாட்கள் கேரளத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை. அப்போதும் உணவுப் பட்டியலில் ஒரு வரி அடிபடுவதில்லை.

என்னை உறுத்துவது வேறு. சென்னையில் துண்டு போட்டு, உறையில் அடைத்து வாசலுக்கு வரும் மீனைப் பற்றி நான் எதுவும் கேட்பதில்லை. எந்தக் கடல், எத்தனை நாள் ஐஸ், ஒன்றும் தெரியாது. மசாலா தடவுவதோடு சரி. இங்கே வந்து உட்கார்ந்ததும் மட்டும் துப்பறிவாளனாகிவிடுகிறேன். தண்ணீருக்கும் தட்டுக்கும் நடுவே இன்னும் ஏதோ உறவு இருக்கிறது என்று நம்பத்தானே இவ்வளவு தூரம் வருகிறோம்? வருஷம் முழுக்க நாமே அறுத்துப்போட்டதை ஒரு சமையல்காரர் ஒரே சாயங்காலத்தில் ஒட்டித் தரவேண்டும். அதுவும் நியாயமான விலைக்கு, ஜி.எஸ்.டி. உட்பட!

வலை இழுப்பவர்கள் நடிக்கிறார்கள் என்பதையும் ஏற்க மாட்டேன். யாரோ படம் பிடிக்கிறார்கள் என்பதற்காகக் கல்லின் கனம் குறைவதில்லை. மீனுக்காக இழுத்தாலும் காசுக்காக இழுத்தாலும் தோள் ஒன்றுதான்.

பட்டியலை மூடிவைத்துவிட்டு, மத்தி இருக்குமா என்று கேட்டேன். பரிமாறுபவர் சிரித்தார். "அது ஞங்ஙளுக்கு வெச்சது சாரே. மெனுவில் போட்டா யாரும் வாங்க மாட்டாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு வறுத்துக் கொண்டுவந்தார். பில்லில் அதை என்னவென்று எழுதுவது என்று கல்லாவில் சிறு விவாதம் நடந்தது. கடைசியில் 'ஆம்லெட்' என்று போட்டார்கள்.