கம்பிக்கும் காற்றுக்கும் நடுவே

நாகப்பட்டினத்தில் சொந்த வீடு என்றால் உப்புக்காற்றுக்கும் சேர்த்துச் செலவு எடுத்து வைக்க வேண்டும். சன்ஷேடின் அடியில் முதலில் பழுப்பாக ஒரு கோடு தெரியும். அடுத்த மழைக்காலத்தில் அந்த இடம் புடைக்கும். பிறகு ஒருநாள் காரை பெயர்ந்து விழுந்து, துருவேறிய கம்பி வெளியே தெரியும். காற்றிலும் ஈரத்திலும் வருகிற உப்பு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே இறங்கிக் கம்பியைத் தொட்டுவிடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலாக இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது.

எங்கள் வீட்டு மராமத்தில் கொத்தனார் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான இடத்துக்கு ஒரு சத்தம், உள்ளே விட்டுப்போன இடத்துக்கு வேறொரு சத்தம். விட்டுப்போன இடத்தையெல்லாம், கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும்வரை கொத்தி எடுத்தார். கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, இரும்பின் நிறம் தெரிந்த பிறகே கலவையைத் தொட்டார். “கம்பி பலகையை ஒட்டிக் கெடந்துருக்கும்மா. கவர் பிளாக் வைக்காம போட்டுட்டாங்க” என்றார்.

கவர் பிளாக் என்பது கம்பிக்கு அடியில் வைக்கிற சிறு சிமென்ட் கட்டை. கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எவ்வளவு கான்கிரீட் நிற்க வேண்டும் என்பதை அதுதான் காப்பாற்றித் தருகிறது. கடுமையில்லாத சூழலுக்கு 20 மில்லிமீட்டர் என்கிற இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கடற்கரைச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது. நாற்பது வயதுக்கு மேல் படிக்க உட்காருகிறவர்களுக்குத் தேவைப்படுவதும் இப்படி அளந்து விட்ட ஓர் இடைவெளிதான் என்று நான் நம்புகிறேன்.

தொலைநிலைக் கல்வியில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். பாடம் கடினம் என்று நான் கலங்கியதில்லை. அதற்கு உட்காரும் நேரம்தான் கரைந்துகொண்டே இருக்கும். சீமந்தத்துக்குப் புடவை எடுக்கத் துணை, ரேஷன் கடை வரிசை, அவசரமே இல்லாத நீண்ட போன். கேட்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நமக்கு மீன் தருகிற கடல்தான் உப்புக்காற்றையும் அனுப்புகிறது. உறவும் அப்படித்தான். அது இல்லாமல் வாழ முடியாது. அதற்காக எல்லா நேரத்தையும் திறந்து வைத்துவிட்டால் உள்ளே இருப்பது அரிக்கும்.

படிப்புக்கு நேரத்தை அளந்து வைத்த ஒருவர் முன்பு இங்கே இருந்தார். இந்தக் கடற்கரையோடு வடக்கே போனால் வருகிற தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் வந்து இறங்கியபோது, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவுக்கு வயது 24-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பிறகு தம் நாளை எப்படிப் பிரித்துக்கொண்டார் என்பதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். காலை ஏழிலிருந்து எட்டு வரை கற்ற சொற்களைத் திருப்பிச் சொல்வது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை புதிய தமிழ் நூல்களைப் படிப்பது. பொருள் சொல்ல ஒரு முதிய புலவர், சொற்களை எழுதிக்கொள்ள ஓர் எழுத்தர். மறுபடி மூன்றிலிருந்து ஐந்து. இரவில் கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பிறர் படிக்கக் கேட்பது. சமயப் பணியும் எதிர்ப்பும் நெருக்கிய ஊரில் இந்த மணிக்கணக்கை அவர் விடவில்லை. 1715-இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்ததற்குப் பின்னால் அந்தக் காலை நேரங்கள் இருக்கின்றன.

அவருக்குப் புலவரும் எழுத்தரும் உதவிக்கு இருந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் இரவு வகுப்புகளுக்கு வந்த நம் பெண்களுக்கு யார் இருந்தார்கள்? பகலெல்லாம் கூலிவேலை, சாயந்திரம் அடுப்படி. அதற்குப் பிறகு கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் கையெழுத்துப் போடக் கற்றார்கள். புதுக்கோட்டையில் சைக்கிளும் கற்றார்கள். எழுத்தைக் கற்பதற்கு முன்னால், வீட்டாரிடமிருந்து அந்த நேரத்தைப் பெறுவதே அவர்களின் முதல் பாடமாக இருந்திருக்கும்.

கவர் பிளாக்கைக் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். நேரத்துக்கும் அதுவே முறை. ஒருவர் உதவி கேட்டு நிற்கும்போது மறுத்தால் அது மனத்தாங்கலாகிவிடும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் வழக்கமாகிவிடும். “ராத்திரி எட்டுலேர்ந்து ஒம்பது வரைக்கும் படிக்கிறேன், ஒம்பதுக்கு மேல நானே கூப்பிடுறேன்” என்று எல்லோரிடமும் ஒருமுறை சொன்னேன். இப்போது என் நாத்தனார் எட்டரைக்குத் தெரியாமல் கூப்பிட்டாலும், “அண்ணி, படிக்கிற நேரமா? அப்பறம் பேசுறேன்” என்று அவரே வைத்துவிடுகிறார். விளக்கம் தேவைப்படவில்லை, வருத்தமும் இல்லை.

அளவு மிஞ்சினாலும் கெடுதல்தான். கம்பி அதிகம் உள்ளே போய்விட்டால் மேற்பரப்பு வெடிப்பு விடும். பாரம் தாங்கும் வலுவும் குறையும். ஆஸ்பத்திரிக்கும் துக்க வீட்டுக்கும் மணி பார்க்கக் கூடாது. புத்தகத்தைக் காட்டி மனிதர்களைத் தள்ளி வைத்தால், படித்து என்ன பயன்? எவ்வளவு விட வேண்டும் என்பதைச் சூழலைப் பார்த்து அளந்துகொள்ள வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் இருப்பவருக்கு ஓர் அளவு, தனியே இருப்பவருக்கு ஓர் அளவு.

அந்த அளவைப் படிக்கிறவர் மட்டுமே காப்பாற்ற வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை. உங்கள் வீட்டில் அம்மாவோ மனைவியோ மாமனாரோ இந்த வயதில் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தால், அந்த ஒரு மணி நேரத்தை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அடுப்பில் இருக்கும் பாலை நீங்கள் இறக்கி வையுங்கள்.